ஒயர் நன்றாக இருக்கிறது, முனைதான் போய்விட்டது: வீட்டிலேயே சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வைஃபை ரூட்டர் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை தானாகவே அணைந்து மறுபடி ஆன் ஆகிக்கொண்டிருந்தது. ரூட்டருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இணையம் தருபவர்கள் மீதும் சந்தேகம் வந்தது. கடைசியில் பார்த்தால், இரண்டு மாதம் முன்பு நானே மாற்றிப் போட்ட அடாப்டர் பின்தான் காரணம். வெளியே பார்க்கப் பழையதைப் போலவே இருந்த அந்தப் பின்னின் உள்துளை 2.5 மி.மீ. ரூட்டருக்குள் இருந்த ஊசியின் தடிமனோ 2.1 மி.மீ. பின் சுலபமாக உள்ளே போனது, விளக்கும் எரிந்தது. யாராவது பக்கத்தில் நடந்தாலோ மேசை லேசாக ஆடினாலோ தொடர்பு விட்டுப்போனது.

அன்றிலிருந்து, முனை உடைந்த எந்தக் கேபிளையும் அளந்து பார்த்த பிறகுதான் கத்தரியை எடுக்கிறேன். கேபிள் போச்சு என்று நாம் தூக்கி எறிபவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு கடைசி இரண்டு விரற்கடையில்தான் இருக்கும். மீதி ஒயர் முழுதும் நன்றாகவே இருக்கும். அந்த இரண்டு விரற்கடையை மாற்றுவது கடினமில்லை. சரியான மாற்று முனை எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதிக்கு மேல் வேலை.

தொடங்கும் முன் ஒரு எல்லைக்கோடு. இங்கே சொல்வதெல்லாம் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் கேபிள்களுக்கு மட்டும்: அடாப்டரின் வெளியீட்டு ஒயர், லேன் கேபிள், டிவி கேபிள், இயர்போன், யூஎஸ்பி. சுவரில் செருகும் பிளக், அடாப்டர் பெட்டியின் உட்பக்கம், மின்கம்பி இணைப்புகள் இவற்றுக்கு இந்த முறைகள் பொருந்தாது. குறிப்பாக அடாப்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். சுவரிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

கோளாறு முனையில்தானா?

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். நன்றாக வேலை செய்கிற இன்னொரு கேபிளை அதே சாதனத்தில் போட்டுப் பாருங்கள். சரியாக ஓடினால் சாதனம் தப்பித்தது. பிறகு சந்தேகத்துக்குரிய கேபிளை, அது பொருந்தும் இன்னொரு சாதனத்தில் போட்டுப் பாருங்கள். அடாப்டர் என்றால் மட்டும் கவனம் தேவை: வோல்ட் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் மாற்றிப் போடக்கூடாது.

அடுத்தது அசைத்துப் பார்ப்பது. கேபிளைச் செருகிய நிலையில் வைத்து, முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரல் அகலமாகப் பின்னோக்கி லேசாக வளைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் வளைக்கும்போது விளக்கு மினுக்குகிறதோ, சத்தம் கரகரக்கிறதோ, அங்கேதான் கம்பி அறுந்திருக்கிறது. ரப்பர் கழுத்து முடிந்து ஒயர் தொடங்கும் இடம்தான் அடிக்கடி மாட்டும், ஏனென்றால் கெட்டியான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கிற அந்த ஒரே இடத்தில் எல்லா வளைவும் குவிகிறது. ஒயரை அசைக்காமல் பின்னை மட்டும் சாக்கெட்டுக்குள் ஆட்டும்போது மினுக்கினால், பின் அளவு தவறு, இல்லையென்றால் சாதனத்துக்குள் இருக்கும் சாக்கெட் லூஸ். சாக்கெட் லூஸ் என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

கண்ணாலும் பாருங்கள், கைபேசியின் டார்ச் வெளிச்சத்தில். டைப்-சி சார்ஜர் நிற்காமல் கழன்று விழுந்தால், பத்தில் ஏழெட்டு முறை குற்றவாளி கைபேசியின் துளைக்குள் அடைந்திருக்கும் துணிப்பஞ்சுதான் என்பது என் அனுபவம். கைபேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியை மெல்லியதாகச் சீவி மெதுவாகக் கிளறினால் உருண்டையாக வந்துவிடும். ஊசி, குண்டூசி வேண்டாம்.

மல்டிமீட்டர் (வோல்ட், மின்தடை போன்றவற்றை அளக்கும் சிறு கருவி) இருந்தால் வேலை இன்னும் எளிது. பீப் சத்தம் தரும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, கேபிளின் ஒரு முனையில் ஒரு தொடுகோல், மறுமுனையின் அதே புள்ளியில் இன்னொன்று. சத்தம் வந்தால் கம்பி தொடர்கிறது. பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே சத்தம் வந்தால் உள்ளே ஷார்ட். இந்தச் சோதனையைச் செய்யும்போது கேபிள் எதிலும் செருகியிருக்கக்கூடாது. விலை குறைந்த சாதாரண மீட்டரே இதற்குப் போதும்.

பெயர் தெரியாத முனையை அடையாளம் காண்பது

"அந்தச் சின்ன வட்டப் பின் கொடுங்கள்" என்று கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் எதை எடுப்பது என்று தெரியாது. தேடுபெட்டியில் அதையே எழுதினால் ஆயிரம் படங்கள் வரும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே நான்கைந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னை ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வாய்ப்பகுதி தெரியும்படி ஒன்று என மூன்று புகைப்படம். வெளிவிட்டம், உள்துளை, உலோகப் பகுதியின் நீளம். எத்தனை தொடர்புகள், அதாவது எத்தனை வளையம் அல்லது எத்தனை தங்கத் தகடு. ஒயரின் வெளித்தடிமன், ஏனென்றால் புதிய பின்னின் பின்பக்கத் துளைக்குள் ஒயர் நுழைய வேண்டும். ஒயரின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள். அவை சின்னதாக, சில இடங்களில் மங்கலாக இருக்கும். ஒயரைச் சாய்த்து வெளிச்சத்தில் உருட்டினால் படிக்கலாம்.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர் சிறந்தது. பிளாஸ்டிக் காலிப்பர்கூட இதற்குச் சரிதான். உள்துளையை அளப்பதில்தான் ஏமாற்றம் வரும். அடாப்டர் பின்களில் மிகப் பரவலான இரண்டு அளவுகள் 5.5 × 2.1 மி.மீ., 5.5 × 2.5 மி.மீ. முதல் எண் வெளிவிட்டம், இரண்டாவது உள்துளை. வெளியே இரண்டும் ஒன்றேதான். 2.1 பின்னை 2.5 ஊசி கொண்ட சாக்கெட்டில் செருகவே முடியாது, தடுத்துவிடும். தலைகீழாக, 2.5 பின் 2.1 ஊசியில் தாராளமாகப் போகும், லூசாக நிற்கும். முதல் வகைத் தவறு உடனே தெரிந்துவிடும். இரண்டாவது எனக்கு நடந்ததுபோல மாதக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும்.

லூஸ் தொடர்பு ஏன் அவ்வளவு தொல்லை தருகிறது என்றால், அந்த இடத்தில் மின்தடை ஏறுகிறது. ஒரு ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 1 வோல்ட் தொலைகிறது, 1 வாட் வெப்பமும் அந்த ஊசிமுனை அளவு இடத்தில் உண்டாகிறது. 12 வோல்ட் எதிர்பார்க்கும் கருவிக்கு 11தான் கிடைக்கிறது. 5 வோல்ட் கருவியாக இருந்தால் 4தான், அது அணைந்தே போகும். செருகிய பின்னைத் தொட்டால் சூடாக இருப்பதும் இதனால்தான்.

இந்த இரண்டு போக, 3.5 × 1.35, 4.0 × 1.7 போன்ற சிறிய பின்களும் உண்டு. உள்துளையை அளக்க முடியவில்லையென்றால், இரண்டு அளவிலும் ஒவ்வொரு மாற்றுப் பின் வாங்கி, கருவியின் சாக்கெட்டில் வெறுமனே செருகிப் பாருங்கள். 2.1 போனால் அதுதான். போகாவிட்டால் 2.5. லேப்டாப் அடாப்டர் சிலவற்றில் பின்னின் நடுவே மயிரிழை போல ஒரு ஊசி தனியாக நிற்கும், ஒயருக்குள்ளும் மூன்றாவது கம்பி இருக்கும். அது அடாப்டர் யார் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் கம்பி. அதற்குச் சாதாரண இரண்டு கம்பிப் பின் உதவாது. அதே மாடலுக்கான பின், அல்லது பின்னோடு வரும் துண்டு ஒயரைத்தான் தேட வேண்டும்.

அடாப்டர் பின்னை மாற்றுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது கைவந்துவிட்டால் மற்றவை சுலபம்.

தேவையானவை: மாற்றுப் பின், சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்டும் சூட்டுக்கோல்), ஈயம், ஒயர் கட்டர், இரண்டு அளவில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்), மல்டிமீட்டர். அயர்ன் இல்லாதவர்களுக்கு ஸ்க்ரூ வைத்து இறுக்கும் பின்கள் கிடைக்கின்றன. பிளஸ், மைனஸ் குறியோடு பச்சை நிறக் கட்டை போல இருக்கும். ஒயரை உரித்து உள்ளே விட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் முடிந்தது. அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் ரூட்டர், கேமரா போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். தினமும் கழற்றி மாட்டும் கருவிக்கு சால்டர்தான் நிற்கும்.

1. பழைய பின்னில் கொஞ்சமாவது உயிர் இருக்கும்போதே துருவத்தை, அதாவது நடுவே பிளஸா மைனஸா என்பதைக் கண்டுபிடியுங்கள். அடாப்டர் லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும், இரண்டிலிருந்தும் பிளஸ் மைனஸுக்குக் கோடும் வரைந்திருக்கும். புள்ளி பிளஸோடு சேர்ந்தால் நடுப்பகுதி பிளஸ். இன்றைய கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான். கிட்டார் எஃபெக்ட் பெடல்கள் பலவும் நேர் எதிர், நடுவே மைனஸ். மீட்டரிலும் உறுதி செய்யுங்கள்: டிசி 20 வோல்ட் நிலை, சிவப்புத் தொடுகோல் துளைக்குள், கறுப்பு வெளி உலோகத்தில். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் நடுவே மைனஸ். பழைய, கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர் எதுவும் செருகாதபோது லேபிளைவிடக் கூடுதலான வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம்.

2. சுவரிலிருந்து அடாப்டரைக் கழற்றிவிட்டு, அறுந்த இடத்திலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வெட்டுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். வளைந்து நொந்த கம்பியில் சால்டர் வைத்தால் அடுத்த மாதம் அங்கேயே அறுகும். வெட்டிய இடத்தில் கம்பி பளபளக்க வேண்டும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.

3. இரண்டு கம்பிகளில் எது பிளஸ்? ஒன்றில் வெள்ளைக் கோடு இருக்கும், அது பெரும்பாலும் பிளஸ். பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை. கம்பி முனைகளை உரித்து, ஒன்றையொன்று தொடாமல் விரித்து வைத்துவிட்டு, அடாப்டரைச் செருகி மீட்டரால் பாருங்கள். பிளஸ் கம்பிக்கு ஒரு துண்டு சிவப்பு டேப் சுற்றிவிட்டு மறுபடி கழற்றுங்கள்.

4. இப்போதே பின்னின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் துண்டுகளையும் ஒயரில் கோத்துத் தள்ளி வையுங்கள். முதல் சில முறை இந்தப் படி எல்லோருக்கும் மறந்துபோகும். சால்டர் வைத்த பிறகு மூடி கையில் இருந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

5. ஐந்தாறு மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கி, கம்பிக்கு முதலில் ஈயம் பூசுங்கள். பின்னின் இரண்டு காதுகளுக்கும், அதாவது கம்பியை ஒட்ட வேண்டிய உலோக நீட்சிகளுக்கும், தனித்தனியாகப் பூசுங்கள். இரண்டிலும் ஈயம் இருந்தால் சேர்க்கும்போது இரண்டு விநாடி சூடு போதும். 63/37 கலவை ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயமில்லா வகைகள் சுமார் 217க்கு மேல். அயர்ன் முனையை 320 முதல் 350 வரை வைத்தால் வேகமாக உருகும். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் பிடிப்பதுதான் பின்னுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

அந்தப் பிளாஸ்டிக்கைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அதே அளவுள்ள, எதிலும் இணைக்காத உதிரி சாக்கெட் இருந்தால் பின்னை அதில் செருகி வைத்துக்கொண்டு சால்டர் வையுங்கள். பிளாஸ்டிக் சற்று இளகினாலும் உள்குழல் நகராமல் நேராக நிற்கும், சூட்டின் ஒரு பங்கையும் சாக்கெட் வாங்கிக்கொள்ளும்.

6. நடுப்பகுதிக்கான சிறிய காதில் ஒரு கம்பி, வெளிப்பகுதிக்கான நீண்ட காதில் மற்றது. நடு எது, வெளி எது என்பதைக் கன்டினியூட்டி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஸ்லீவை இழுத்துச் சூடுபடுத்துங்கள். நீண்ட காதின் கடைசியில் இருக்கும் இரண்டு சிறகுகளை ஒயரின் மேலுறை மீது மடித்து அழுத்துங்கள். இழுவை அந்தச் சிறகில்தான் விழ வேண்டும், சால்டரில் விழக்கூடாது.

7. மூடியைத் திருகும் முன் நடுவுக்கும் வெளிக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு அடாப்டரைச் செருகி வோல்டும் துருவமும் முன்பு குறித்தபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம்தான் கருவியில் செருகுவது.

சால்டர் புகையை முகத்துக்கு நேரே இழுக்காதபடி ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் சாப்பிட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

லேன் கேபிள்: லாக் உடைந்தால், பிளக்கே போனால்

லேன் பிளக்கில் உடைவது அதன் பிளாஸ்டிக் நாக்கு. எட்டுத் தகடுகளும் நன்றாகவே இருக்கும், டக் என்று பூட்டுவது மட்டும் போய்விடும். நாக்கு உடையாமல் பின்னால் மடங்கி மட்டும் இருந்தால், நகத்தால் மெதுவாகத் தூக்கி விடுங்கள். வேலை முடிந்தது. முழுதாக உடைந்திருந்தால், பிளக்கின் மேல் அப்படியே மாட்டும் பழுதுக் கிளிப் கிடைக்கிறது, அதில் புது நாக்கு இருக்கும். அதுவரைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையில் ஒரு துண்டை வெட்டி, நாக்கு இருந்த இடத்தில் சொருகி நிறுத்தலாம். தற்காலிகத்துக்குத்தான்.

சரியாகச் செய்வதென்றால் பிளக்கையே வெட்டிப் புதிது போட வேண்டும். சால்டர் தேவையில்லை, பிளக்கின் தகடுகளைக் கம்பிகளுக்குள் அழுத்தி இறக்கும் கிரிம்பிங் டூல் வேண்டும்.

பிளக் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவருக்குள் ஓடும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைத் தண்டாக இருக்கும். மேசைக்கும் ரூட்டருக்கும் நடுவே போடும் மென்மையான கேபிளில் பெரும்பாலும் பல இழைகள். இரண்டுக்கும் பிளக்கின் தகடு வடிவம் வேறு: ஒன்று தண்டைக் கவ்விப் பிடிக்கும், இன்னொன்று இழைகளுக்குள் குத்தி இறங்கும். மாற்றிப் போட்டால் முதல் நாள் ஓடும், பிறகு விட்டு விட்டு வரும். இரண்டுக்கும் பொருந்தும் என்று போட்ட பிளக்குகளும் உண்டு. கேட்6 என்ற லேன் கேபிள் வகையின் கம்பிகள் பொதுவாகச் சற்றுத் தடிமனானவை, ஆகையால் அதற்கென்று உள்ள பிளக்கையே வாங்குங்கள்.

மேலுறையை மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு உரியுங்கள். உள்ளே நான்கு முறுக்கு ஜோடிகள். வெட்டுப்பட்ட கம்பி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது மறுமுனையில் இருக்கும் பிளக்கை எடுத்து, அதன் நிற வரிசையைப் படியுங்கள். இரண்டு முனையும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், அதனால் இருப்பதை நகல் எடுப்பதுதான் பாதுகாப்பு. நாக்கு கீழ்ப்பக்கம், தங்கத் தகடுகள் மேலே, கேபிள் நுழையும் வாய் உங்களை நோக்கி: இடமிருந்து 1 முதல் 8. நிற வரிசைக்கு டி568ஏ, டி568பி என்று இரண்டு தரமுறைகள் உண்டு. டி568பி வரிசை என்றால் இப்படி வரும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568ஏ என்றால் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும்.

பச்சை ஜோடி மட்டும் ஏன் பிரிந்து 3, 6 என்று உட்கார்ந்திருக்கிறது, வரிசையாக வைத்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைத்தால், கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியத்தான் செய்யும். ஆனால் 3ஐயும் 6ஐயும் ஒரு ஜோடியாகத்தான் கருவி பயன்படுத்துகிறது. அந்த இரண்டும் வெவ்வேறு முறுக்குகளில் இருந்தால், வெளியிலிருந்து ஏறும் மின் இரைச்சலை ரத்து செய்யும் முறுக்கின் பலன் போய்விடும். டெஸ்டர் சரி என்று சொல்லும், இணையம் தவிக்கும். முறுக்கைப் பிரிப்பதும் 13 மி.மீ.க்கு மேல் வேண்டாம் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கம்பிகளை நேராக்கி, வரிசைப்படுத்தி, விரலால் இறுக்கிப் பிடித்து ஒரே வெட்டாக நறுக்குங்கள். உள்ளே தள்ளுங்கள். பிளக்கின் முன்பக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியே எட்டு செம்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும். கேபிளின் மேலுறையும் பிளக்குக்குள் நுழைந்திருக்க வேண்டும், அங்கே இருக்கும் ஆப்பு அதைத்தான் அழுத்திப் பிடிக்கும். வெறும் வண்ணக் கம்பிகள் வெளியே தெரிகிற பிளக் நீண்ட நாள் உழைக்காது. நிற வரிசையை இன்னொரு முறை பார்த்துவிட்டு கிரிம்ப் செய்யுங்கள். ஒருமுறை அழுத்திய பிளக்கைத் திரும்பப் பயன்படுத்த முடியாது.

டெஸ்டர் இல்லாதவர்களுக்கு: கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். இரு பக்கக் கருவிகளும் 1000 எம்பிபிஎஸ் தருபவையாக இருந்தும் 100 என்று காட்டினால், 4, 5, 7, 8 கம்பிகளில் ஏதோ ஒன்று சேரவில்லை. 100 ஓடுவதற்கு 1, 2, 3, 6 மட்டும் போதும், 1000க்கு எட்டும் வேண்டும். இணையம் திடீரென்று மந்தமாகிவிட்டது என்று புலம்பும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

டிவி கேபிளின் திருகு முனை

டிஷ் ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளானால், செட்-டாப் பாக்ஸைச் சுவரிலிருந்தே அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதே கேபிள் வழியாகப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட்டை மேலே ஆன்டெனாவுக்கு அனுப்புகிறது. நடுக்கம்பி வெளிப்பின்னலைத் தொட்டால் பாக்ஸ் கெட்டுப்போகலாம்.

எஃப் கனெக்டர் எனப்படும் இந்தத் திருகு முனையில் தனியாக ஊசி கிடையாது. கேபிளின் நடுக்கம்பியே ஊசி. ஆகவே உடைந்தது ஊசியாக இருந்தாலும் வெட்டி மறுபடி போட்டால் சரியாகிவிடும். கேபிள் ஆர்ஜி6ஆ, ஆர்ஜி59ஆ என்று மேலுறையில் படியுங்கள். முன்னது சுமார் 6.9 மி.மீ. தடிமன், பின்னது சுமார் 6.1. கனெக்டர் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பழைய டிவிக்களில் திருகாமல் அப்படியே செருகும் 9.5 மி.மீ. முனையும் உண்டு, அது வேறு.

முனையிலிருந்து 12 மி.மீ. அளவுக்கு மேலுறையை உரித்து, வெளிப்பின்னலைப் பின்னோக்கி மேலுறை மீது மடியுங்கள். பிறகு முன்பாதி 6 மி.மீ.க்கு வெள்ளை நுரையையும் நீக்குங்கள். நடுக்கம்பியில் கத்தி ஆழமாகப் பட்டால் அங்கேயே முறியும், அதனால் சுற்றி லேசாகக் கீறி இழுப்பதே நல்லது. பின்னலின் ஒரே ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் படம் வராது. கனெக்டருக்குள் தள்ளும்போது, உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை நுரை அடிப்பலகையோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு மி.மீ. அளவு நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீளம் குறைந்தால் சாக்கெட்டின் உள்கவ்வி அதைப் பிடிக்காது.

கையால் திருகிப் போடும் வகை கருவி இல்லாமலே போட்டுவிடலாம், ஆனால் நாளடைவில் லூசாகும். அழுத்தி இறுக்கிப் போடும் கம்ப்ரஷன் வகைக்குத் தனிக் கருவி வேண்டும், வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய முனைக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இயர்போன் ஜாக்

3.5 மி.மீ. ஜாக்கில் கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு கோடு என்றால் மூன்று தொடர்பு, இடது வலது எர்த். மூன்று கோடு என்றால் மைக்கும் சேர்த்து நான்கு. மாற்று ஜாக்கும் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நுனியிலிருந்து வரிசை: இடது, வலது, எர்த், கடைசியில் மைக். எர்த்தும் மைக்கும் இடம் மாறிய பழைய முறை ஒன்றும் இருந்தது, ஆகவே மிகப் பழைய கருவியானால் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரையும் கைவிட வைப்பது கம்பியின் எனாமல் பூச்சு. உரித்ததும் சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் பட்டு நூல் போலக் கம்பிகள் வரும். அந்த நிறமே மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சு. அப்படியே சால்டர் வைத்தால் ஈயம் உருண்டு விழும், ஒட்டாது. அயர்ன் முனையில் தாராளமாக ஈயத்தைத் தேக்கி, கம்பியின் நுனியை அதற்குள் சில விநாடி பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் ஏறும். சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, வெறும் செம்பு நிறம் எர்த் என்பது வழக்கம். செம்பு நிறத்தில் இரண்டு இருந்தால் பெரும்பாலும் இரண்டும் எர்த்தான், சேர்த்து முறுக்கிவிடலாம்.

சால்டருக்கு முன் உறுதி செய்ய: மீட்டரை ஓம் நிலையில் வைத்து எர்த்தையும் ஒரு நிறக் கம்பியையும் தொடுங்கள். இயர்போன் எந்தப் பக்கம் 'டிக்' என்கிறதோ அந்தப் பக்கக் கம்பி அது. மீட்டர் பொதுவாக 16 முதல் 32 ஓம் வரை காட்டும். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட்.

யூஎஸ்பி

பழைய நான்கு கம்பி யூஎஸ்பியைச் சரிசெய்யலாம்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. டைப்-சி முனையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தச் சின்ன வாய்க்குள் 24 தொடர்புகளுக்கு இடம் இருக்கிறது. பழைய அகல யூஎஸ்பியிலிருந்து டைப்-சிக்கு வரும் கேபிளின் முனைக்குள் 56 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதைக் கைபேசி அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. அதைத் தவறவிட்ட பழுது சார்ஜரையே பாதிக்கக்கூடும். இதற்கு நல்ல புதுக் கேபிள் வாங்குவதுதான் சரி.

மறுபடி அதே இடத்தில் அறாமல் இருக்க

மாற்றிய முனையின் கழுத்துக்கு ஹீட் ஷ்ரிங்க்கை இரண்டு அடுக்காகப் போடுங்கள்: உள்ளே நீளமாக ஒன்று, வெளியே அதைவிடக் குட்டையாக ஒன்று. கெட்டியிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக மாறுவதால் வளைவு ஒரே புள்ளியில் குவியாது. தீர்ந்துபோன பேனாவின் ஸ்பிரிங்கை ஒயரில் சுற்றி அதன் மேல் ஸ்லீவ் போட்டாலும் நன்றாகவே நிற்கும். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம், சில மாதத்தில் பசை இளகி வழுக்கிப் போய்விடும். கழற்றும்போது ஒயரை இழுக்காமல் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள், வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள்.

அடாப்டர் பின்னை மாற்றியிருந்தால், கருவி முழு வேகத்தில் ஓடும்போது ஒரு மணி நேரம் கழித்துப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். அறை வெப்பத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அளவையும் சால்டரையும் மறுபடி பார்க்க வேண்டும். வெட்டி எடுத்த பழைய முனையை ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கருவியுடையது, என்ன அளவு, நடுவே பிளஸா மைனஸா என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டி வையுங்கள். என் ரூட்டரின் பின் அந்த டப்பாவில் இருக்கிறது, மேலே 5.5 × 2.1 என்று எழுதியிருக்கிறேன்.